முகாமுக்குப் போகும் வெற்றிச்செல்வி

செந்துறையில் எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் வெற்றிச்செல்வி. ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. பால் வாங்கப் போகிறவனைக்கூட நிறுத்திவைத்து அகதிகள் படும் பாட்டைச் சொல்வாள். "ஆரம்பிச்சுட்டாடா" என்று தெருவே நழுவும். ஆனாலும் எங்களுக்கு அவள்மேல் பெருமைதான்.

வாய்ப்பேச்சோடு நிற்கிறவள் இல்லை. ஞாயிறுதோறும் பெரம்பலூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். அங்கே அவளுக்குக் கூடமாட இருந்தவள் சிவரஞ்சனி, முகாமிலேயே பிறந்து நர்சிங் படித்த பெண். அவள் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. இந்தியாவும் அவளைத் தன் பிரஜையாக ஏற்கவில்லை. "அவ என் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி" என்று வெற்றி சொல்லாத ஆளில்லை.

வெற்றியை பைக்கில் கொண்டுபோய் விடுகிறவன் அவள் அண்ணன் அறிவரசன். முதலில் வெளியே காத்திருந்தான், போகப்போக உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு வருஷம் கழித்து, "கட்டுனா சிவரஞ்சனியத்தான் கட்டுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

அம்மா ரெங்கம்மாள் கத்தவில்லை. "அந்தப் புள்ளைய நான் கொறை சொல்லல. ஆனா நாளைக்கு ஒரு சிக்கல்னா யாருகிட்ட போய் நிக்கிறது?" என்றாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "நீதான அவங்கள தெரிஞ்சவ. நீ செய்யலாம்னா செஞ்சிடுவோம். சொல்லு."

அறிவரசன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் விசாரணை, முகாமை விட்டு நகர அனுமதி, பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை என்று படித்ததெல்லாம் அந்த நேரத்தில் அவளைப் பயமுறுத்தத்தான் உதவியது.

"வேணாம்மா. அண்ணன் வாழ்க்கை பூரா அலைய வேண்டியிருக்கும்."

அறிவரசன் எழுந்து போய்விட்டான். கேள்விப்பட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக பஸ் ஏறி முகாமுக்குப் போனாள். சிவரஞ்சனி வெளியே வரவில்லை. அவள் அம்மாதான் வந்தாள்.

"வாங்கோ பிள்ளை. பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம்."

"அம்மா, எங்க வூட்டுல..." என்று வெற்றி தொடங்கினாள்.

"உங்கட அம்மா மறுத்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள், எத்தினையோ பேர் மறுத்தவைதானே. மறுத்தது நீங்கள் எண்டு உங்கட அண்ணன் சொன்னவர். அந்த நாளில இருந்து அவள் சாப்பிடுறாளில்லை."

வெற்றி பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளால் பாடம் நடத்த முடியவில்லை.