உருளைகளுக்குப் பூசிய பட்டி

அந்த இரும்புப் பாலத்தில் துருவைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பட்டியக்கா அப்படி வைத்திருந்தாள். நூறு வயதுப் பாலம்; முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டியது. நெடுஞ்சாலை லாரிகளெல்லாம் அதற்குள் புகுந்துதான் ஆற்றைக் கடக்கும். இந்தக் கரையில் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தால் அந்தக் கரை போய்ச் சேர மூன்று வருஷம். அதற்குள் வெயிலும் மழையும் இங்கே வேலையைக் காட்டியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

மற்ற பெயின்டர்கள் தூரிகையை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவளுக்கு அது ஆகாது. ஒரு பள்ளத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பட்டிப் பசை வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழுவழுவென்று ஆக்கின பிறகுதான் பெயின்ட். பட்டியக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

லாரி ஓட்டும் அவள் கணவனுக்கு அதில் பெரிய மனக்குறை. "பாலத்தைப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வச்சிருக்க. நம்ம வீட்டுச் சுவத்தைப் பாரு, பல்லி குடும்பம் நடத்துது!" என்பான்.

இப்படியிருக்க, ஒரு நாள் அக்கரைத் தூணின் உச்சியில் விரிசல் கண்டது. பாலத்தின் அடிச்சட்டம் ஒன்றும் லேசாக வளைந்திருந்தது. சோதிக்க வந்த இன்ஜினியர் பத்து நாள் அளவுகோலும் கையுமாக அலைந்தார். கடைசியில் வேலையாட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இரும்பு வெயில்ல நீளும். அதனால ஒரு முனையை நகர்ற மாதிரி விடணும். இங்க ரெண்டு முனையும் இறுகிக் கிடக்கு. நீள இடமில்லாம தூணைத் தள்ளுது. கட்டினவங்களே தப்பு பண்ணிட்டாங்க. பழைய வரைபடமும் கிடைக்கல. பிரிச்சிட வேண்டியதுதான்."

பட்டியக்காவுக்கு அன்று வேலை ஓடவில்லை. பாலம் போகிறதே என்பது மட்டுமா? அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அக்கரை முனைக்கு அடியில் உலக்கை உலக்கையாக இரும்பு உருளைகள் வரிசையாகப் படுத்திருந்தன. இடுக்கெல்லாம் சேறும் துருவும். அசிங்கமாக இருக்கிறதே என்று சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்குகளில் பட்டியை அமுக்கி, ஒரே பலகையாக்கிப் பெயின்ட் அடித்தவள் அவள்தான். அதற்கு மேல் மூன்று வருஷத்துக்கொரு தடவை இன்னொரு பூச்சு. இப்போது பார்த்தால் அது வெறும் இரும்புக் கட்டை; உருண்டு முனையை நகரவிட வேண்டிய உருளைகள் உள்ளே இறுகிக் கிடந்தன.

சாயங்காலம் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"சொன்னா வேலை போயிடுமா?" என்று கேட்டான் அவன்.

"போனாலும் போகும்."

"சொல்லலைன்னா?"

"பாலம் போயிடும்."

"அப்புறம் என்ன யோசனை?"

"மானம் போகுமேங்க! இத்தனை வருஷமா என் வேலையில ஒரு குறை சொன்னவங்க உண்டா?"

அவன் சிரிக்கவில்லை. "நான் தினம் அந்தப் பாலத்துல போறப்ப, இது என் பொண்டாட்டி வேலைன்னு கிளீனர்கிட்ட சொல்லிட்டே போவேன். பாலமே இல்லைன்னா எதைக் காட்டுறது?" என்றான்.

மறுநாள் காலையில் அவள் இன்ஜினியரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், அக்கரை முனைக்கு அடியில் உளியை வைத்துத் தட்டினாள். விரல் தடிமனுக்குப் பெயின்டும் பட்டியும் பெயர்ந்து விழுந்தன. உள்ளே ஓர் உருளையின் வளைவு தெரிந்தது.

"நான்தான் சார் அடைச்சேன். அழகா இருக்கட்டும்னு."

இன்ஜினியர் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவமே! செத்துப்போன மனுஷங்களைப் பத்து நாளா திட்டிட்டிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அக்காவையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவளுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

போக்குவரத்தை நிறுத்தி, ஜாக்கி வைத்து முனையை அரை அங்குலம் தூக்கினார்கள். இருபத்திரண்டு வருஷப் பெருமையைப் பட்டியக்கா நாலு நாள் தன் கையாலேயே சுரண்டி எடுத்தாள். கிரீஸ் தடவிப் பாலத்தை இறக்கிய அன்று காலை, உருளைகளுக்கு மேலே பாலத்தோடு அசையும் தகட்டிலிருந்து கீழே தூணோடு இருக்கும் அசையாத தகடு வரை மெல்லிய தூரிகையால் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தாள். உச்சி வெயில் ஏறும்வரை யாரும் சாப்பிடக்கூடப் போகவில்லை.

கோடு உடைந்தது! மேல்பாதி ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தது.

"நகருது சார், நகருது!" என்று அவள் போட்ட கூச்சலில் புறாக்கள் பறந்தன. இன்ஜினியர் விசிலே அடித்துவிட்டார். தூணின் விரிசலை அடைத்து, வளைந்த சட்டத்தை மாற்றினால் போதும், பாலம் இன்னும் பல காலம் தாங்கும் என்று அன்றே எழுதி அனுப்பினார். அக்காவின் வேலையும் தப்பியது. தண்டனை ஒன்றுதான்: உருளைகளுக்கு மேலே எச்சரிக்கை எழுத வேண்டும்.

'இங்கே பெயின்ட் அடிக்காதே' என்று பெயின்டாலேயே முத்து முத்தாக எழுதினாள். பாதியில் எழுத்துக்கடியில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. கை தானாகப் பட்டி டப்பாவுக்குப் போனது.

"அக்கா!" என்று எல்லாரும் ஒரே குரலில் அலறினார்கள். அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

இப்போதும் அந்தக் கோடு தினமும் மதியம் உடைகிறது, பொழுது சாய்ந்தால் ஒட்டிக்கொள்கிறது. கணவன் லாரியில் புதுக் கிளீனர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிவந்து காட்டுகிறான். பட்டியக்கா நேராக்காமல் விட்டது பாலத்திலேயே அந்த ஒன்றைத்தான்.