பிரசாதம் சாப்பாடா?

என் மாமியாருக்கும் எனக்கும் சண்டை போடாமல் பொழுது போகாது. சிங்கப்பூரில் ஜாலான் புசார் தெருக் கடைவீட்டு மாடியில் நாங்கள் வாய் ஓய்ந்தால்தான் கீழ்க்கடைக்காரர் ரேடியோவைப் போடுவார்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. மூச்சு விட்டாலே விசில் சத்தம் வரும். சோறு தொண்டையில் நிற்கும். "கப்பல் வருது, எல்லாரும் தள்ளுங்க" என்று கேலி செய்வேன். அவளும் விசிலோடு சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்திலிருந்து வளைந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையம்போல் நெரிக்கிறதாம். ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் அன்று காலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லியிருந்தாள். நான் முகம் கழுவிவிட்டு வார்டுக்கு வருவதற்குள் மாமியார் சிராங்கூன் ரோட்டுக் கோயிலிலிருந்து வந்துவிட்டார். குழந்தையின் உதட்டில் நெய் மினுங்கியது. சர்க்கரைப் பொங்கலைத் தொண்டையில் சிக்காதபடி பாலில் மைபோலக் கரைத்து வந்திருந்தார்.

"ஐயோ அத்தை, ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னாங்களே!"

"சோறுதானேடி குடுக்கக்கூடாது? இது சாமி பிரசாதம். வெறும் வயித்தோட கத்திக்கு அனுப்புவியா?"

"இன்னும் வேணும்" என்றாள் குழந்தை.

மிஸ்ஸி ஓடிவந்தாள். "யாரு லா குடுத்தது? மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சிரும். இன்னைக்கு ஆபரேஷன் கெடையாது!"

மாமியார் கையிலிருந்த தூக்குச்சட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன்.

அடுத்த வாரம் செய்யலாம் என்றார்கள். அதற்குள் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. நெரிந்த குழாய்க்குள் மூச்சு போகவில்லை. வார்டே தூங்கிய ஒரு மத்தியானத்தில் என் மடியில் போய்விட்டாள்.

என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மாமியார் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நான் கண்ணாலேயே அடக்கினேன். எனக்காவது அம்மா வீடு இருந்தது. அவருக்கு இருந்தது அந்த மகன் ஒருவன்தான்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். மாமியார் திட்டுவார், நானும் திட்டலாம், அப்படியே ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாய் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாருக்குத்தா" என்று சொல்லி, தட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.