சாவியை எடுத்தாலும் எரிந்த விளக்கு

திங்கட்கிழமை என்றாலே எனக்குப் பயம். மற்ற நாட்களில் ஒழுங்காகக் கிளம்புகிற வேன், ஞாயிறு முழுக்கச் சும்மா நின்றுவிட்டால் திங்கள் காலையில் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு செத்துக் கிடக்கும். கயத்தாறு பக்கத்துக் கிராமத்துப் பெண்களைக் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, ஏற்றிப்போகும் வண்டி அது. சித்தப்பாவுடையது; நான் டிரைவர். பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவார்கள். தாமதமாகப் போனால் ஆபீசில் ஏச்சு வாங்குவதும் அவர்கள்தான்.

சித்தப்பா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார்: "ஞாயித்துக்கெழம தண்ணியப் போட்டுட்டு வண்டிக்குள்ள பாட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடக்கான். பேட்டரி எப்பிடி நிக்கும்?"

நான் குடிக்கிறவன் இல்லை. அதை என் அப்பாவின் கூடப்பிறந்தவருக்கே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்ததே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பாட்டுப் பெட்டியைக் கழற்றி அவர் வீட்டிலேயே கொடுத்தேன். அடுத்த திங்களும் தள்ளல்தான். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். பெறகு சாவி என் மருமகன் கைக்குப் போயிரும்" என்றார்.

அந்த ஞாயிறு, கயத்தாறு ரோட்டில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் போனேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைச் சேர்த்தார். ஸ்விட்சையெல்லாம் அணைத்து, சாவி என் சட்டைப்பையில் இருக்கும்போதே, ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாத மீட்டர் அரை ஆம்பியர் காட்டியது. "எங்கனயோ கரண்டு ஒழுகுதுவே" என்றார். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் அசையவில்லை. அப்படியானால் பியூஸைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக எதற்கோ வயர் போகிறது.

இருவரும் வண்டிக்கு அடியில்கூடத் தேடினோம். கண்ணெதிரே டேஷ்போர்டில் முருகன் படம், சுற்றிலும் எரிந்துகொண்டிருந்த சீரியல் பல்பு, கீழே சத்தத்தைக் குறைத்து வைத்த, மந்திரம் பாடும் பெட்டி. ஆயுத பூஜைக்குச் சித்தப்பா மாட்டியது. சாமிக்கு முன்னால் விளக்கு அணையக் கூடாது என்று நேராக வயர் இழுக்கச் சொல்லியிருக்கிறார். சாவியை எடுத்த பிறகும் அது எரிவதைத் தினமும் பார்த்தவன் நான். பூ வைத்துக் கும்பிடவும் செய்தேன். அதற்கு ஏது கரண்டு என்று ஒரு நாளாவது தோன்றியதா! அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு வயரைப் பிரித்தார். எண் விழுந்தது. சாவி போட்டால் மட்டும் எரியும்படி மாற்றி, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்.

திங்கள் காலை ஒரே திருகில் வண்டி பிடித்தது. சாயங்காலம் சித்தப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 'தப்பாப் பேசிட்டேன்லே' என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், மடையன்.

"வெளக்க அணைச்சிட்டியா?" என்றார். "ஏலே, நீ குடிச்சதுக்குச் சாமி மேலயா பழியப் போடுத?"

கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கு வயரைச் சித்தப்பா பழையபடி பேட்டரியோடு நேராகச் சேர்க்கவைத்தார்.

இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். போன திங்கள் அந்தப் பக்கம் போனபோது பெண்கள் வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "ஏ தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஒரு கை குடேன்" என்றார் ஓர் அக்கா. இறங்கித் தள்ளினேன். ஸ்டியரிங்கில் மருமகன். அவன் முன்னால் சீரியல் பல்பு ஜம்மென்று எரிந்தது. வண்டி பிடித்து, கொஞ்சம் தள்ளிப்போய் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏன்க்கா, இவனும் குடிக்கான்னு சொல்லுதாவளா எங்க சித்தப்பா?"

"சேச்சே" என்றார் அக்கா, சேலையில் கையைத் துடைத்தபடி. "பேட்டரி வித்தவன் ஏமாத்திட்டானாம்."