மூடிய கோபுரமும் ஒரு சின்ன விமானமும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். காஞ்சிபுரத்தில் கோயில்களுக்கு நடுவில் வளர்ந்தும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. கோபப்படத் தெம்பும் இல்லை.

ஒரு பெரிய விமான நிலையத்தில் எனக்கு வேலை. ரேடார் திரையைப் பார்த்து, இறங்க வரும் விமானங்களுக்கு மைக்கில் வழி சொல்ல வேண்டும். அன்று ஆள் இல்லையென்று இரண்டாவது ஷிப்டும் என் தலையில் விழுந்தது. ஊர்ப் பக்கம் போயே நாலு மாதம் ஆகியிருந்தது. மதியம் மூன்று மணி இருக்கும், பயணிகள் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருக்க, அதன் பாதைக்குள் அனுமதி கேட்காமல் ஒரு சின்னப் புள்ளி நுழைந்தது. பயிற்சி விமானம் என்று புரிந்தது, மைக்கை அழுத்தக் கை போனது, அவ்வளவுதான் ஞாபகம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன். "ரெண்டும் மோதிக்கப் போவுதுன்னு எனக்கு உயிரே போயிடுச்சுண்ணே. தமிழ்லயே பேசித் திருப்பி விட்டுட்டீங்களே!" திரையில் சின்னப் புள்ளி விலகிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தது காஞ்சிபுரத்துப் பெண். சொந்த ஊர்தானே என்று மேப்பை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் தெருவில் வழி பார்ப்பது போல வானத்திலும் பெரிய கோபுரத்தைத் தேடியிருக்கிறாள். அதுவோ கும்பாபிஷேக வேலைக்காகச் சாரம் கட்டி, கீற்று வேய்ந்து மூடிக் கிடந்தது. தாண்டிப் போய், வேறெங்கோ இருந்த கோபுரத்தை எங்கள் ஊர்க் கோபுரம் என்று நினைத்துத் திரும்பி, இறங்கும் பாதைக்குள் வந்துவிட்டாள்.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். சத்தியமாக என் குரல்தான். ஆனால் வேலையில் நான் ஒருநாளும் பேசாத ஊர்ப் பேச்சு.

"பயப்படாதம்மா. அது நம்ம கோபுரம் இல்ல. நம்ம கோபுரத்த கீத்து போட்டு மூடி வச்சிருக்காங்க. வலது பக்கம் திரும்பு."

அவள் அழுகிறாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல சார்."

"எனக்குத் தெரியுதும்மா. உன் இடது ரெக்கைக்குக் கீழ பாரு, பெரிய விமானம் வந்துக்கினு இருக்குது. வயித்துல நீலக் கோடு. அது போற வரைக்கும் திரும்பிக்கினே இரு."

எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். தூங்கியதைச் சொன்னால் வேலை போய்விடும், சொல்லவில்லை. தூக்கத்தில் உளறினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபுரத்தை மூடியது எனக்கு யாருமே சொல்லாத விஷயம்.

போன தீபாவளிக்கு அந்தப் பெண் ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். "அன்னிக்கு எங்கேர்ந்து சார் என்னைப் பாத்துக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

எங்கள் ரேடார் அறைக்கு ஜன்னலே கிடையாது. திரையில் வெறும் புள்ளிகள்தான், நீலக் கோடெல்லாம் தெரியாது. இன்றைக்கும் மைக்கை அழுத்தும்போதெல்லாம், பேசப்போவது நான்தானா என்று பயமாக இருக்கிறது.