ஏரியைத் திருப்பிப் போட்டது யார்

திருவள்ளூர் பஸ் கும்மிடிப்பூண்டியில் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என் போட்டோ கடைக்கு வந்தார். "தனபாலண்ணே, நம்ம ஸ்டூடியோ சாமி காலையில பூட்டாருண்ணே" என்றார். கடையை அப்படியே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி ஏறினேன். பெரியபாளையம் வரை அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை.

திருவள்ளூர் வட்டாரத்தில் உங்களில் பலருக்கு, அந்த ஸ்டூடியோ சாமி வரதன் கல்யாண போட்டோ எடுத்தவர். கோவில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாக அலைந்தவர் என்று சிரித்தும் இருப்பீர்கள். அவர் உயிர் இருந்தது வேறு வேலையில். தண்ணீரையும் புல்லையும் மரத்தையும் படமெடுத்து, பட்டை பட்டையாகப் பெரிதாக்கி, ஓர் அறையின் சுவர் முழுக்க ஒட்டுவார். நான் அவர் இருட்டறையில் பிரிண்ட் போட்டவன். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் அவர் எனக்குச் சாமி, நான் அவருக்கு 'ஓய்'.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு சுவருக்குப் பின்னால், அந்தத் திசையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அந்தச் சுவரில் ஒட்டுவார். டாக்டர் ஒருவர் தம் கிளினிக்குக்குக் காஷ்மீர் கேட்டார். வரதன் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து மேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஆளைக் கவனிக்காமல் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். இந்த மனுஷனும் அதை வைத்துக்கொண்டே யோசித்திருக்கிறார்! கடைசியில் அந்தச் சுவருக்கு வந்தது மேற்கே இருக்கிற திருப்பாச்சூர் மூங்கில் புதர். "உள்ள உக்காந்திருக்கறவனுக்கு வெளியில என்ன இருக்குன்னு தெரியணும், ஓய். காஷ்மீர் எந்தப் பக்கம்னே அவனுக்குத் தெரியாதே" என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுக் கம்பெனி, கேன்டீன் சுவருக்குப் படம் கேட்டது. சுவருக்குப் பின்னால் ஏரி. வரதன் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, கரையும் மதகும் நீரும் தெரிய எடுத்தார். அதற்குள் தை அமாவாசை வந்துவிட்டது. கோவிலில் அவர் குடும்பத்து முறை, ஒரு வாரம் நகர முடியாது. பிரிண்ட் முழுவதையும் என்னை நம்பி விட்டுப் போனார்.

நெகட்டிவின் பளபளப்பான பக்கம் விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். நான் மாற்றிப் போட்டேன். இடம் வலமாயிற்று. அத்தனை பட்டையும் அப்படியே அடித்து முடித்தேன்.

திறப்பு நாளன்று காலையில் வந்து அவர் அவசர அவசரமாக ஒட்டினார். கண் பசையிலும் ஓரங்களிலும்தான் இருந்தது. முடித்து, பின்னால் நகர்ந்து இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒட்டியது சரியா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அப்போது லோடுமேன் முனுசாமி சாப்பாட்டுத் தட்டோடு சுவர் எதிரில் வந்து நின்றார். கம்பெனி வருவதற்கு முன் அந்த இடத்தில் பயிர் வைத்தவர்.

"இன்னா சார் இது? மதகு சோத்தாங்கை பக்கம் இல்ல கீது? இதுல பீச்சாங்கை பக்கம் பூட்டுதே. நாம நிக்கிற எடந்தான் சார் என் கழனி. இப்டி வச்சிகினா என் கழனிக்கு எப்டி சார் தண்ணி வரும்?"

மேனேஜர் சிரித்தார். "தண்ணிதானே, எந்தப் பக்கம் இருந்தா இன்னா? யாருக்கு சார் தெரியப் போவுது?"

"இவருக்குத் தெரிஞ்சுடுத்தே" என்றார் வரதன். "என் தப்பு. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து மாத்தித் தரேன்."

நான் பசை வாளியைக் கழுவப் போய்விட்டேன். அடுத்த மாதம் அதே ஊரில் சொந்தக் கடை திறக்க இருந்தேன், அங்கே வரும் புதுக் கம்பெனிகளை நம்பித்தான். நெகட்டிவ் வைக்கத் தெரியாதவன் என்று பெயர் வந்திருந்தால் கடை அன்றே முடிந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னாத்துக்கு சாமி உங்க மேல போட்டுக்கினீங்க?" என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உம்மைத் தனியா விட்டுட்டுப் போனது நான்தானே. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். நீர் சும்மா இரும், ஓய்."

ஞாயிற்றுக்கிழமை மதகு வலப்பக்கம் வந்தது. முனுசாமி பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டார். வரதன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மோர் குடித்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் பஜாரில் அவருக்கு 'ஏரியைத் திருப்பிப் போட்ட சாமி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் கேலி செய்தீர்கள். அவரும் கூடச் சிரித்தார். வெட்கக்கேடு, நானும் சிரித்திருக்கிறேன். என் கடை நன்றாக ஓடியது.

உரித்தெடுத்த பட்டைகளில் மதகு உள்ள ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. இத்தனை நாள் பரணில் சுருட்டி வைத்திருந்தேன். நேற்று அதைச் சட்டம் போட்டுக் கடையில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினேன். கீழே என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'நெகட்டிவைத் திருப்பிப் போட்டவன் தனபால்.' வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

நீங்கள் சும்மா இருங்கள், சாமி. நான் சொல்லிக்கொள்கிறேன்.