இரண்டு ஸ்பூன் உரம்

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தவன், பிரஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மீன்தொட்டியில் இருந்த மீன்கள் எல்லாம் மேலே வந்து கிடந்தன. நீந்தவில்லை. தண்ணீரின் மேற்பரப்பில் வாயை ஒட்டவைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கப்பி மீன்கள் ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்ந்து... அசைவில்லை.

பயத்தில் மனைவியைக் கூப்பிட்டேன்.

ஒரு மீன்தொட்டிக்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது தெரியும். கம்பெனி லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கி வந்தால், மனைவியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு பால்கனியில் போய் நின்றுகொள்வேன். ஆனால் இது அந்த வகைப் பயம் இல்லை.

அந்தத் தொட்டி என் மகள் நித்யாவுடையது.

நித்யா மத்தூர் தாண்டி ஒரு ஹாஸ்டலில் தங்கி, டாக்டர் சீட்டுக்கான நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது தடவையாகப் படிக்கிறாள். முதல் தடவை மார்க் போதவில்லை. அங்கே செல்போன் கிடையாது. ஞாயிறு பதினோரு மணிக்கு வார்டன் போனில் பத்தே பத்து நிமிடம் வீடியோவில் பேசலாம். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் முன்பு வார்டன் எனக்குத் தனியாக போன் செய்தார். “பொண்ணு சரியா சாப்புடறதில்ல சார். கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுது. வீட்ல இருந்து கஷ்டமான சேதி எதுவும் சொல்லிடாதீங்க, பாத்துக்கோங்க” என்றார். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே எனக்குப் பயம். எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. பேப்பர் படிக்கிற பெற்றோருக்குப் புரியும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவோம்? “படிப்பு எப்படிம்மா போகுது?” – “ம்.” “சாப்பிட்டியா?” – “ம்.” அதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். பிறகு அவளே, “மீனைக் காட்டுங்கப்பா” என்பாள். போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை எண்ணுவாள். கடைசியாக ஒரு குண்டு வெள்ளை மோலி மீன். எங்கள் சொந்த ஊர் பரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகர் அல்லவா, அதற்கு அவள் வைத்த பெயர் பரோட்டா. பரோட்டா கண்ணில் பட்டதும் லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நானும் என் மனைவி செல்வியும் வாரம் முழுக்கக் காத்திருக்கிறோம்.

அதற்கு முந்தின ஞாயிறு, எண்ணி முடித்துவிட்டு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். “அப்பா, செடியெல்லாம் மஞ்சளா இருக்கே?”

போச்சு. எனக்கு அது போதும்.

போன மாதம், வீடியோவில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான்தான் தொட்டிக்குள் நான்கு நீர்ச்செடிகள் வாங்கி நட்டிருந்தேன். அவள் சொன்ன பிறகு குனிந்து பார்த்தால்... ஆமாம், இலைகள் பழுத்திருந்தன. சிலதில் ஓட்டை. உடனே என் மூளை என்ன சொல்லும்? குறைகிறது, ஊற்று!

என் வேலை அப்படி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். இரும்பைக் கடையும் மெஷின்களில் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் சரியான அளவில் இருக்கிறதா என்று தினமும் மீட்டரில் கண் வைத்துப் பார்ப்பேன். குறைந்தால் ஊற்று, மறுபடி பார், மறுபடி ஊற்று. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என் செக்ஷனிலேயே முனிராஜ் இருக்கிறார். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், மேனேஜரோடு கன்னடம். ஷிஃப்ட் முடிந்ததும் பாகலூர் பக்கம் தன் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிற ஆள். செடி மஞ்சள் என்றதுமே, மறுநாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் ஒரே அளவில்: பத்தொன்பது - பத்தொன்பது - பத்தொன்பது. இங்கே ரோஜா போடுகிற எல்லோர் வீட்டிலும் மூட்டையாகக் கிடக்கிற உரம்.

“தண்ணில கரையற உரம்ணா. சொட்டுநீர்லயே உட்டுருவோம். ஒரே வாரம், எலை கரும்பச்சையா வந்துரும் பாருங்க.”

தண்ணீரில் கரைகிற உரம். தண்ணீரில் இருக்கிற செடி. இதைவிடப் பொருத்தம் உண்டா?

அப்படியும் நான் அவசரப்படவில்லை, கணக்குப் போட்டேன். முனிராஜ் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ போடுகிறார். நம் தொட்டி நூற்றிருபது லிட்டர். அந்தக் கணக்குப்படி நூற்றிருபது கிராம் போடலாம். நான் பயந்தவன் இல்லையா, அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம் என்று வெறும் இரண்டு ஸ்பூன் எடுத்தேன். சனிக்கிழமை மாலை கரைத்து ஊற்றிவிட்டு, இவ்வளவு ஜாக்கிரதையான மனிதன் ஓசூரில் உண்டா என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை செல்வி ஹாலுக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்னத்தப் போட்டீக?”

“உரம்...”

“மீனு இருக்கிற தண்ணியிலயா?”

பதில் சொல்ல வாயில் நுரை. துப்பிவிட்டு வந்து, மீன் வாங்கிய கடைக்காரருக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தில் இருந்து எழுந்தவர் கன்னடத்தில், “ஏனு ஹாக்கித்ரி சார்?” என்றார். என்ன போட்டீர்கள் என்று கேட்கிறார். சொன்னேன். அந்தப் பக்கம் தூக்கம் போய்விட்டது, குரலும் தமிழுக்கு வந்துவிட்டது.

“ஐயோ சார், அதுல யூரியா, அமோனியா எல்லாம் இருக்குது. மீனோட செவுள் எரிஞ்சு போயிரும். நம்ம ஊரு போர் தண்ணி வேற உப்புத் தண்ணி, அதுல அமோனியா இன்னும் மோசம். தொட்டிச் செடிக்குன்னு தனி உரம் இருக்குது சார், அதையே சொட்டு சொட்டாதான் உடணும். மீன் போடற கழிவே பாதி உரம்.”

“இப்ப என்ன பண்றது?”

“பாதித் தண்ணி எடுத்துருங்க. ஏர் பம்ப்பு ஃபுல்லா வைங்க. புதுத் தண்ணி ஊத்துங்க. ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணி மட்டும் வேணாம் சார்.”

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மாதம் ஒருமுறைதான் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். எப்போது போட்டார்கள்? முந்தின நாள்.

இன்னும் ஐந்து மணி நேரத்தில் நித்யா கூப்பிடுவாள்!

முனிராஜுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “எத்தினி போட்டீங்கணா?” என்றார். “ரெண்டு ஸ்பூன்தான். நீங்க போடறதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல.” அவர் மெதுவாகச் சொன்னார்: “ணா... என் தோட்டத்துல மீன் இல்லணா.”

இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போனது.

ஏழே முக்காலுக்கு ரோஜா ஏற்றுகிற குட்டியானை வண்டியில் நான்கு கேன் தண்ணீரோடு வந்து நின்றார். பசுமைக்குடில் கூரையில் விழும் மழைத்தண்ணீரைக் குட்டையில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். “மருந்து கிருந்து எதுவும் கலக்கலணா, சுத்தமான மழைத்தண்ணி” என்று படியேறும்போதே மூன்று தடவை சொன்னார். நான் டியூப் வைத்துத் தண்ணீரை இறக்க, அவர் சொம்பு சொம்பாக ஊற்றினார். “பாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய என்னா நெனைக்கும்?” என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்குள் நான்கு கப்பிகள் செத்துவிட்டன. மற்றவை கொஞ்சம் கீழே இறங்கின. பரோட்டா மட்டும் அடித்தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

முனிராஜ் போனதும் பொய்களைத் தயார் செய்ய ஆரம்பித்தோம். வேறென்ன செய்வது?

“டவர் இல்லன்னு சொல்லிருவோம். வீடியோவ அமத்திருங்க” என்றாள் செல்வி.

கடை பத்து மணிக்குத் திறக்கும், நான்கு கப்பி வாங்கி வந்து விட்டுவிட்டால்? கடைக்காரரிடம் கேட்டேன். “இந்தத் தண்ணில புது மீனு உட்டா அதுவும் சாவும் சார்” என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார். செத்த மீன்களை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பாத்ரூமுக்குள் ஒளித்து வைத்தேன். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன் செய்கிற காரியமா?

பதினோரு மணி. போன் அடித்தது.

“ம்” இரண்டும் முடிந்தன. “மீனைக் காட்டுங்கப்பா.”

டவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனைக் கொண்டுபோனேன். எண்ண ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது, பத்து... அடியில் கிடந்த பரோட்டாவோடு பதினொன்று. நின்றாள். மறுபடி முதலில் இருந்து எண்ணினாள்.

“அப்பா?”

‘செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்மா’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த “அப்பா?”வில் இருந்த பயம்... காலையில் இருந்து எனக்குள் இருந்த அதே பயம். அதைக் கேட்ட பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

“நாலு செத்துப்போச்சும்மா. நான்தான் உரத்தைப் போட்டுக் கொன்னுட்டேன்.”

செல்வி என் கையைக் கிள்ளினாள். வார்டன் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது.

“எதுக்குப்பா உரம் போட்டீங்க?”

“மஞ்சளா இருக்குன்னு நீ சொன்னியேம்மா. பயந்துட்டேன்.”

அவள் மெல்லச் சொன்னாள்: “பழைய எலைதான்ப்பா மஞ்சளா இருந்துச்சு. புதுசா நட்டா அப்படித்தான் ஆகும். புது எலையெல்லாம் பச்சையாதான் வந்துச்சு. நான் சும்மா சொன்னேன். விட்டா மறுபடி படிப்பப் பத்திக் கேப்பீங்களேன்னு... வேற எதாவது பேசணும்னு சொன்னேன்.”

போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

“எனக்கும் பயமாதான்ப்பா இருக்கு. தெனமும். காலைல எந்திரிக்கும்போதே.”

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எங்களுக்கு முன்னால் அழுதாள்.

வழக்கமாக இந்த இடத்தில் என்ன சொல்வோம்? ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ நல்லா படி’ என்போம். செல்வி போனை வாங்கினாள், அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு, “நாளைக்கு வரட்டுமா தாயி?” என்று மட்டும் கேட்டாள்.

“வாங்கம்மா.”

யோசித்துப் பார்க்கிறேன். பயம் வந்தால் நாம் உடனே எதையாவது ஊற்றுகிறோம். இலை மஞ்சளா, ஊற்று. மார்க் குறைவா, இன்னொரு டெஸ்ட் சீரீஸ், இன்னொரு கோச்சிங், இன்னொரு வருடம். அந்த இன்னொரு வருடத்தை முடிவு செய்தது யார்? நித்யாவிடம் கேட்டோம் என்றுதான் நினைவு. அவள் “ம்” என்றாள். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இதை ஹாஸ்டல் பார்வையாளர் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு. லீவு போட்டுவிட்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வந்து சேர்ந்தோம். அவளைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள். தேர்வு எழுதப் போகிறாளா, வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்பாளா, தெரியாது. எதைச் சொன்னாலும் பதறாமல் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம்.

செல்வி காலையில் எழுந்து ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாதாம், வல்லாரைப் பொடி, பேரீச்சை, ஞாபகசக்தி டானிக், நேற்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய மாதிரி வினாத்தாளின் பிரிண்ட் அவுட். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டதும் அந்தப் பையைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிடம் அதையே பார்த்தாள்.

“மொதல்ல புள்ள வரட்டுங்க” என்று சொல்லி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.