அடிப்பிடித்த சோற்றில் வந்த பதில்

அந்த யோசனை எனக்கு ஜெபத்தில் வரவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில், கீபோர்டுக்கு ஒரு வயர் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. மூலையில் எங்கள் சபையின் தேக்சா கவிழ்ந்து கிடந்தது. ஈஸ்டர் விருந்து, விசேஷம் எதுவானாலும் மொத்தச் சபைக்கும் சோறாக்குகிற பெரிய பாத்திரம். அதன் முதுகில் தூசி. நான் பிறந்ததிலிருந்து அதைத் தூசியோடு பார்த்ததே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும்போது, இதை மறுபடி அடுப்பில் ஏற்றியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

என் பெயர் ஷைனி. காஞ்சிபுரத்தில் ஏனாத்தூர்ப் பக்கம் எங்கள் சபை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன். எதையும் நிதானமாகச் செய்ய எனக்கு வராது, இதையும் ஒரே மூச்சில்தான் எழுதுகிறேன். ஆண்டவர் எனக்கு மட்டும் செய்த நன்மை அல்ல இது. எங்கள் தெருவுக்கே செய்தது.

போன வருடம் மழை விட்ட சமயம், ஒரே விடியற்காலையில் மூன்று பேரை இழந்தோம். தேவராஜ் அண்ணன், அவர் தம்பி மோசஸ், சுந்தர் மாமா. வெளியூர்ச் சபை ஒன்றின் பண்டிகைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு லோடு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த லாரியின் டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார். அந்த டிரைவரும் பிழைக்கவில்லை.

அடக்கத்தன்று பக்கத்துத் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. நெசவுக்காரர்கள் எல்லோரும் எங்களோடு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வந்தார்கள். தறிச் சத்தம் இல்லாத பகலை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. காது வலித்தது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீட்டு அடுப்பு எரியாது, சர்ச் கொட்டகையில் அடுப்பு எரியும். அந்த மூன்று பேரும்தான் சாம்பார் சாதம் வைத்து, துக்க வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வருவார்கள். இப்போது துக்க வீடுகளே அவர்களுடையவை. யார் சமைப்பது? ஆளாளுக்கு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு போனோம். அது பிரிக்காமலே ஊசிப்போனது.

தேவராஜ் அண்ணனின் மனைவி செல்வி அக்கா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அவர் வீடு சர்ச் சுவரை ஒட்டியது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம். வந்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இப்படியே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தாவது படிக்கிற மகள் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷைனிக்கா, அப்பா போயிட்டாரு. அம்மாவும் போய்க்கினே இருக்குது. எதுனா பண்ணுக்கா."

நான் என்ன பண்ணுவேன்? உபவாசம் இருந்தோம். ஜெபித்தோம். எனக்கு வார்த்தையே வரவில்லை. கண்ணை மூடினால் பழைய ஈஸ்டர்கள்தான் வந்தன. விறகுப் புகை. வெங்காயம் உரிக்கிற பெண்களின் சிரிப்பு. தேக்சாவை மூடுவதற்கு முன்னால் தேவராஜ் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒரே வரியில் ஜெபிப்பார்: "ஆண்டவரே, எங்க கையால போட்டாச்சு, இனிமே உங்க பாடு." அவ்வளவுதான், மூடிவிடுவார். பிரசங்கம் நீண்டால் பின்வாசலில் வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைப்பார். அடி பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். பாஸ்டர் உடனே "கடைசியாக ஒரு வார்த்தை" என்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வேதவசனத்தைவிட அந்தத் துண்டைத்தான் கவனமாகப் பார்ப்போம்.

இதெல்லாம் நினைவில் இருந்ததால்தான் கொட்டகையில் அந்த யோசனை வந்தது. அழுத முகத்தோடு நேராகப் பாஸ்டரிடம் ஓடினேன். மூன்று வீட்டுக்கும், நமக்கும், ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் சுகிர்தா ஆன்ட்டி முந்திக்கொண்டார். எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவர்.

"ஏம்மா, உனக்கு வெந்நி வெக்கத் தெரியுமா? நீ தேக்சா ஏத்தப் போறியா?"

"யூடியூப்ல பாத்துக்கறேன் ஆன்ட்டி."

"பாரு. அப்பறம் அதையே தட்டுல போட்டுத் தின்னு."

திட்டிக்கொண்டே அடுத்த ஞாயிறு காலையில் முதல் ஆளாகக் கத்தியோடு வந்து நின்றதும் அவர்தான்.

ஆராதனை முடிவதற்குள் அரிசியும் பருப்பும் காயும் போட்டாகிவிட்டது. தீ திகுதிகுவென்று எரிந்தது. மூடுவதற்கு முன்னால் ஜெபிக்க வேண்டும் என்று நான்தான் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். அண்ணனின் ஒரு வரியை யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் பாஸ்டர் ஆரம்பித்தார். மூன்று வீட்டுக்காகவும் ஜெபித்தார். செல்வி அக்காவின் பெயர் வந்ததும் அவர் குரல் உடைந்தது. "ஒரு வாய் ஆண்டவரே, ஒரே ஒரு வாய் சாப்பிட வையும்" என்றார். எல்லோரும் கண்ணை மூடிக் கதறினோம். ஜெபம் நீண்டுகொண்டே போனது. துண்டால் முகம் துடைக்க ஆள் இல்லை.

கருகல் வாசனை எனக்கும் வந்தது. சத்தியமாக, அதை நான் விறகுப் புகை என்றுதான் நினைத்தேன்.

"யாரும்மா அடுப்பு பாக்கறது? தெருவே நாறுது. கட்டைய இழுங்க மொதல்ல."

கண்ணைத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு செல்வி அக்கா நின்றிருந்தார். கலைந்த தலை. கசங்கிய நைட்டியின் மேல் ஒரு துண்டு, அண்ணனுடைய துண்டு. நாங்கள் அசையாமல் நின்றோம். அவரே குனிந்து எரிகிற கட்டையை வெளியே இழுத்துப் போட்டார்.

"அடியக் கிளறாதீங்க. மேலாப்புல எடுத்து வேற ஏனத்துல கொட்டுங்க. என்னா பாத்துக்கினு நிக்கறீங்க?"

கொட்டினோம். வேர்த்துப்போய்த் திண்டாடிக்கொண்டிருந்த பாஸ்டரை அக்கா ஏறிட்டுப் பார்த்தார்.

"அவரு இருந்தா உங்கள மொறச்சிருப்பாரு பாஸ்டர்."

"ஆமாம்மா, மொறச்சிருப்பாரு" என்றார் பாஸ்டர்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்கத்துக்குப் பிறகு எங்கள் நடுவில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அக்காவின் வாயும் ஒரு நொடி கோணியது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். மூன்று வீட்டுப் பெண்களும் வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் அழுதிருக்கிறோம். அன்றைக்குத்தான் சபையாக அழுதோம்.

ஜெனி ஒரு தட்டில் கொஞ்சம் சோறு போட்டு எடுத்து வந்தாள். அக்கா ஒரு வாய் வைத்தார்.

"உப்பே இல்ல."

சுகிர்தா ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனால் அக்கா இரண்டாவது வாயும் வைத்தார். புகை நாற்றமடித்த, உப்பில்லாத அந்தச் சோறு தட்டில் தீரும் வரைக்கும் சாப்பிட்டார்.

நாங்கள் அழகான ஜெபங்கள் எத்தனையோ ஏறெடுத்திருந்தோம். பதில் வந்தது எங்கள் தவறின் வழியாக. அன்றிலிருந்து நான் மாறினேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் ஆண்டவர் வருவார் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போனது. உங்கள் வீட்டிலும் எதுவோ தீய்ந்துகொண்டிருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வராமல் இருக்கலாம். இருப்பதைப் போட்டு, மூடி, இனி அவர் பாடு என்று விட்டுவிடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம், அதையும் சரியாகச் செய்யவில்லை.

இப்போது கொட்டகை அடுப்புக்குச் செல்வி அக்காதான் தலைவி. நான் எடுபிடி. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"அந்த லாரிக்காரரு வீடு தாமல் பக்கந்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த வீட்டுக்கு யாருனா சோறு குடுத்தாங்களான்னு தெரியல. நம்மாளுங்க மாதிரிதான் அவரும் விடிய விடிய முழிச்சிக்கினு வந்திருக்காரு. பொண்டாட்டி வெளியவே வரதில்லயாம்."

வருகிற சனிக்கிழமை சாம்பார் சாதம் வைத்து எடுத்துக்கொண்டு போகிறோம். சபையில் சிலருக்கு இதில் சம்மதமில்லை. அந்தக் கதவு திறக்குமா, திறந்தால் அக்கா என்ன பேசுவார், எனக்குத் தெரியாது. அடுப்பு இந்த முறை என் பொறுப்பு, அதனால் கண்ணைத் திறந்துகொண்டேதான் ஜெபிப்பேன். எங்களுக்காக நீங்கள் கண்ணை மூடி ஜெபியுங்கள். உப்பு போட்டுவிட்டேனா என்று அக்கா பார்த்துக்கொள்வார்.